தோளில் ஏறும் மந்திரம்

என் நாவலின் முதல் வடிவில் ஒரு மந்திரவாதி இருந்தான். கையை உயர்த்தினால் கோட்டைக் கதவு திறந்துவிடும். கண்ணை மூடினால் மழை நின்றுவிடும். 140 பக்கம் எழுதிய பிறகு ஓர் இரவு அவனை முதலிலிருந்து வாசித்துப் பார்த்தேன். அடுத்த பக்கத்தில் அவன் செத்துப்போனாலும் என் மனசில் ஒன்றும் அசையாது என்று தெரிந்தது. பனி மூடிய மலை, ஓநாய் ஊளையிடும் காடு, கல்கோட்டை என்று நான் கண்ணால் கண்டே இராத ஊரில் அவனைக் குடிவைத்திருந்தேன். நான் பிறந்து வளர்ந்தது பினாங்கில்.

அவனுக்கு எதுவுமே கனக்கவில்லை. கோளாறு அதுதான். இந்த ஒரு வரியைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வருஷம் பிடித்தது. இத்தனைக்கும் கனம் பார்ப்பதுதான் நான் பகலில் செய்யும் வேலை.

பினாங்கின் பாயான் லெப்பாஸில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலை. 1972-இல் மலேசியாவின் முதல் தடையற்ற வணிக வலயம் தொடங்கியது அங்கேதான். எங்கள் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் அக்காவோ சித்தியோ யாராவது ஒருவர் அங்கே ஷிப்ட் பார்த்திருப்பார். நான் இருப்பது அளவுக்கருவிகளைச் சரிபார்க்கும் பிரிவில். என் அறையில் ஒரு தராசு இருக்கிறது. அதன் எடைக்கற்களை வெறும் கையால் தொடக் கூடாது. விரலில் இருக்கும் எண்ணெய்ப் பசை ஒட்டினால் எடை கூடிவிடும். தராசு நிற்பது கனத்த கருங்கல் மேசை மேல். ஏர்கோன் காற்று நேராகப் பட்டால் எண் நிலைக்காமல் ஆடும். யாராவது கதவைத் திறந்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும்.

அந்த வேலையில் நான் தெரிந்துகொண்ட ஒரு விஷயம் என்னைப் பல நாள் தூங்கவிடவில்லை. பாரிஸுக்குப் பக்கத்தில் செவ்ர் என்ற ஊரில், பிளாட்டினமும் இரிடியமும் கலந்து செய்த ஒரு சின்ன உருளை, கண்ணாடிக் குடுவைகளுக்குள் பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது. 1889 முதல் உலகத்துக்கே ஒரு கிலோ என்றால் அந்த உருளைதான். அதே உலோகத்தில் பிரதிகள் செய்து பல நாடுகளுக்குக் கொடுத்தார்கள். எப்போதாவது அவற்றைக் கொண்டுவந்து உருளையோடு ஒப்பிடுவார்கள். நூறு வருஷத்தில் உருளைக்கும் பிரதிகளுக்கும் நடுவே ஏறக்குறைய 50 மைக்ரோகிராம் வித்தியாசம் விழுந்திருந்தது. பிரதிகள் கனத்தனவா, உருளை இளைத்ததா? சொல்ல வழியே இல்லை. அந்த உருளை இளைத்தாலும் அதுதான் ஒரு கிலோ. மிச்ச உலகம்தான் கனத்துவிட்டது என்று எழுதிக்கொள்ள வேண்டும். 2019 மே 20-இல் அந்த உருளைக்கு ஓய்வு கொடுத்து, பிளாங்க் மாறிலி என்ற, இயற்கையில் எங்கும் மாறாத ஓர் எண்ணை வைத்துக் கிலோவை வரையறுத்தார்கள்.

நான் கற்பனை செய்த எந்த மந்திரத்தையும்விட இது பெரிதாகப் பட்டது. ஒருவன் இளைத்தால் உலகமே கனக்கிறது! நோட்டில் குறித்து வைத்தேன். ஆனால் அதை வைத்து என்ன செய்வது என்று அப்போது தெரியவில்லை.

தெரிந்தது தண்ணீர்மலையில், பினாங்கில் முருகன் கோயில் இருக்கும் மலை. அம்மாவுக்கு அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தால் பால்குடம் எடுப்பதாக நேர்ந்திருந்தேன். பினாங்குத் தைப்பூசத்தைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: முதல் நாள் பினாங்கு ஸ்திரீட் கோயில் வீட்டிலிருந்து ரதம் புறப்பட்டு ஊரைச் சுற்றிக்கொண்டு மலையடிவாரத்துக்கு வரும். வழி நெடுகத் தேங்காய் உடைப்பார்கள். குவித்து வைத்துக்கொண்டு உடைப்பார்கள். சீனர்களும் நிறையப் பேர் நேர்ந்துகொண்டு உடைப்பார்கள். ரோட்டில் இளநீர் ஓடும். செருப்பில்லாமல் நடந்தால் கால் முழுக்கத் தேங்காய்ச் சில்லு குத்தும். மலைமேல் பாலதண்டாயுதபாணி கோயிலுக்கு 513 படிகள்.

என் குடத்தை வீட்டிலேயே எடை பார்த்திருந்தேன், தொழில் புத்தி. மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. முன்னூறு படி ஏறியதும் அது மூன்று கிலோ இல்லை. தராசு என்ன சொன்னாலும் சரி, அது மூன்று கிலோ இல்லை. ஒரு சொட்டுப் பால்கூட ஏறவில்லை, ஆனால் பாரம் ஏறிக்கொண்டே இருந்தது. மேலே காவடியை இறக்கிவிட்டு ஓரமாக உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரிடம், “ரொம்ப கனமாண்ணே?” என்று கேட்டேன். “தூக்கிட்டு வர்றப்ப ஒண்ணும் தெரியலம்மா. எறக்கி வெச்சப்புறம்தான் தோளு கனக்குது,” என்றார்.

அந்த வாக்கியத்தை மறந்துவிடக் கூடாதே என்று படி இறங்கும் வரைக்கும் வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தேன். என் மந்திரத்துக்கு முதல் விதி கிடைத்துவிட்டது. மந்திரம் என்றால் சுமப்பது. செய்யும்போது கனக்காது. செய்து முடித்ததும் கனக்கும்.

அதற்குப் பிறகு ஊரே எனக்குக் குறிப்பெடுத்துக் கொடுத்தது. நாசி கண்டார் சாப்பிடாத பினாங்குக்காரர் உண்டா? கண்டார் என்றால் மலாய் மொழியில் தோளில் தண்டு வைத்துச் சுமப்பது. பழைய நாளில் தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் தண்டின் ஒரு முனையில் சோற்றுக் கூடையும் மறு முனையில் குழம்புச் சட்டிகளும் தொங்கவிட்டுத் தெருத்தெருவாக விற்றார்கள். யோசித்துப் பாருங்கள்: குழம்பு மட்டும் விற்றுத் தீர்ந்து சோறு மிச்சமிருந்தால் தண்டு ஒரு பக்கம் சாயும். இரண்டும் சேர்ந்து குறைந்தால்தான் நிமிர்ந்து நடக்க முடியும். இரண்டாம் விதி அங்கிருந்து வந்தது. ஒரு பக்கம் நீ அடுத்தவரிடமிருந்து எடுத்த பாரம். மறுபக்கம் உன்னுடையது எதையாவது வைக்க வேண்டும். வைக்கவில்லை என்றால் முதுகு கோணிக்கொள்ளும்.

பிறகு அகராதி. கற்பனைக் கதை எழுத உட்காரும் தமிழர்கள் முதலில் புரட்ட வேண்டியது சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி என்று நான் மனதார நம்புகிறேன். ‘கா’ என்ற ஓரெழுத்துச் சொல்லைப் பாருங்கள். சோலைக்கும் கா. காப்பாற்று என்றாலும் கா. தோளில் சுமக்கும் தண்டுக்கும் கா. காவடி, காவுதல் எல்லாம் அதன் பிள்ளைகள். போதாக்குறைக்கு அது ஒரு நிறைப் பெயரும்கூட, நூறு பலம். இங்கே மலாயாவில் பழைய வணிக அளவு பிக்குல். நூறு காத்தி கொண்டது, இன்றைய கணக்கில் சுமார் 60 கிலோ. பிக்குல் என்ற மலாய்ச் சொல்லுக்கும் தோளில் சுமப்பது என்றே பொருள். இரண்டு மொழிகள், இரண்டிலும் மனிதனின் தோளே எடைக்கல். செவ்ர் உருளைக்குப் பதிலாக ஒரு ஆளின் தோளை வைத்து உலகத்தை நிறுத்தவர்கள் நம்மிடையே இருந்திருக்கிறார்கள். என் கதையில் மந்திரவாதி என்ற சொல்லை அன்றைக்கே அடித்துவிட்டு ‘காவுநர்’ என்று எழுதினேன். சுமப்பவர், காப்பவர், இரண்டும் அதில் வந்துவிடுகிறது.

இடும்பனைச் சொல்லாமல் எப்படி? அகத்தியர் சொன்னபடி சிவகிரி, சக்திகிரி என்ற இரண்டு குன்றுகளையும் தண்டில் கட்டித் தூக்கிவந்தவன். பழனியில் கொஞ்சம் இளைப்பாறலாம் என்று இறக்கி வைத்தான். திரும்பத் தூக்கப் போனால் ஒரு குன்று அசையவில்லை. அதன் மேல் ஒரு சின்னப் பையன் நின்றுகொண்டிருந்தான். பள்ளியில் நாங்கள் கேட்டது முருகனின் பெருமையாக. இப்போது கேட்கும்போது எனக்கு இடும்பனின் முகம்தான் தெரிகிறது. இரண்டு மலையைத் தூக்கி வந்தவனால் ஒரு பையனின் எடையைத் தூக்க முடியவில்லை. எதை எங்கே இறக்குகிறோம் என்பதில் இருக்கிறது எல்லாம். கண்ட இடத்தில் இறக்கினால் மறுபடி தோளேறாது.

இங்கே நான் ஒரு பெரிய தப்புச் செய்தேன், அதையும் சொல்ல வேண்டும். விதிகள் கிடைத்த சந்தோஷத்தில் எடைப்பட்டியல் போட ஆரம்பித்தேன். அதற்கு நம் பழைய பின்னங்கள் அவ்வளவு வாகாக இருந்தன. ஒன்றில் 320-இல் ஒரு பங்கு முந்திரி. நாலு முந்திரி ஒரு காணி, நாலு காணி ஒரு மா, ஐந்து மா சேர்ந்தால் கால். முந்திரிக்குக் கீழே அதே போல இன்னொரு அடுக்கு: கீழ்முந்திரி என்பது 102400-இல் ஒன்று. அதையும் 21 கூறு போட்டால் இம்மி. அதாவது 2150400-இல் ஒன்று. ‘இம்மியும் பிசகாமல்’ என்று வாய்க்கு வந்தபடி சொல்கிறோமே, ஒரு கிலோவில் ஓர் இம்மி என்பது ஏறக்குறைய அரை மில்லிகிராம். என் தராசு மேசையில் நான் தினம் பார்க்கும் அளவு. திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எண்சுவடியில் இந்தப் பின்னங்களின் வாய்ப்பாட்டை ராகம் போட்டு மனப்பாடம் செய்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. குழந்தையின் காய்ச்சல் மும்மா, வயசாளியின் சாவுபயம் அரைக்கால், பொய்ச் சத்தியம் ஒரு காணி என்று எண்பது பொருளுக்கு எடை எழுதி வைத்தேன்.

கதை செத்துவிட்டது. ஒவ்வொரு காட்சியும் மளிகைக்கடை ரசீது போல ஆனது. காவுநர் ஒருத்தி பிள்ளையின் காய்ச்சலை எடுக்கக் குனியும்போது வாசகர் அவளைப் பார்க்க வேண்டும். நான் அவர்களைப் பட்டியலைப் பார்க்க வைத்திருந்தேன். பட்டியலைக் கிழித்தேன். பின்னங்களை மட்டும் கதைக்குள் இருக்கும் மனிதர்களின் வாயில் விட்டுவைத்தேன். அவர்கள் அளக்கிறார்கள், சண்டை போடுகிறார்கள், தப்பாகக் கணக்குப் போடுகிறார்கள். சரியான எடை எனக்கே தெரியாது. விதி என்பது பாத்திரங்களின் கையைக் கட்ட வேண்டும். உலகத்தின் மர்மத்தை அவிழ்த்துக் காட்டுவது அதன் வேலை இல்லை என்பதே என் கட்சி. தேங்காய் உடைக்கிறவர் எத்தனை தேங்காய்க்கு எவ்வளவு பலன் என்று கேட்டுக்கொண்டா உடைக்கிறார்?

எங்கே இறக்குவது என்ற கேள்வி மட்டும் பாக்கி இருந்தது. அதற்கான விடையைப் பல வருஷம் முன்பே பார்த்திருக்கிறேன், தெரியாமல். தாத்தாவின் ஊர் பட்டுக்கோட்டைப் பக்கம். ஒருமுறை போயிருந்தபோது ரோட்டோரம் மூன்று கற்கள். இரண்டை நட்டு, மூன்றாவதைக் குறுக்கே வைத்திருந்தது. ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் கீழே. நான் ஏதோ பழைய வாசல் என்று நினைத்தேன். கூட வந்த அத்தை சொன்னார்கள்: “அது சொமதாங்கிம்மா. தலச்சொம வெச்சுக்கிட்டு நடந்து வர்றவங்க குனியாம அப்புடியே எறக்கி வெச்சுக்கலாம். புள்ளத்தாச்சியா செத்துப்போன பொண்ணு நெனப்புக்குக் கட்டுவாங்க. எறக்க முடியாமப் போயிட்டால்ல, அவ.”

அன்றைக்கு ‘ஐயோ’ என்று மட்டும்தான் தோன்றியது. இத்தனை காலம் கழித்து, ஜெலுத்தோங் வீட்டில் அடுப்படி மேசையில் நோட்டை விரித்து உட்கார்ந்திருக்கையில் அந்தக் கல் நினைவுக்கு வந்தது. என் கை நடுங்கியது. இறக்க முடியாமல் போனவள் ஊரார் எல்லாருடைய பாரத்தையும் தாங்குகிறாள். என் கற்பனையில் ஒரு நாளும் இது உதித்திருக்காது. இதை யாரோ ஊர் பேர் தெரியாத குடும்பங்கள் துக்கத்தில் யோசித்து, கல்லில் நட்டு வைத்திருக்கிறார்கள். என் நாவலில் காவுநர் பாரத்தை இறக்க முடிகிற ஒரே இடம் சுமைதாங்கி. கதாநாயகி தேடி நடப்பது, ஊரார் கட்டாமல் விட்டுவிட்ட ஒரு சுமைதாங்கியை. அவளுடைய அம்மாவுக்குக் கட்டியிருக்க வேண்டியதை. கதை என்று எனக்கு ஒன்று கிடைத்தது அந்த இரவில்தான். அதுவரை இருந்தது ஏற்பாடு மட்டும்.

ஆனாலும் ஒரு முடிச்சு அவிழவில்லை. காவுநர்கள் ஏன் சுமக்கிறார்கள்? சம்பளம் இல்லை, ராஜா கட்டளை இல்லை. நல்லவர்கள் என்று சொல்லிவிட்டுப் போவது எனக்குப் பிடிக்கவில்லை. ஒருநாள் அம்மாவிடம் இதைப் புலம்பினேன். அம்மா நாவல் எல்லாம் படிப்பவர் இல்லை. எழுந்து போய் அலமாரியின் அடித்தட்டிலிருந்து தாத்தாவின் நோட்டை எடுத்து வந்தார்.

தாத்தா ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து வந்தவர், 1930-களில், பதினெட்டு வயதில். பினாங்குத் துறைமுகக் கரையான வெல்ட் கீயில் தொங்காங் என்ற சரக்குப் படகிலிருந்து அரிசி மூட்டை இறக்கும் வேலை. வலது தோளில் கொழுக்கட்டை மாதிரி ஒரு காய்ப்பு இருக்கும். சின்ன வயசில் அதை அமுக்கிப் பார்ப்பது எனக்கு விளையாட்டு. “ஏத்துறதுக்கு முந்தி எறக்குற எடத்தப் பாத்து வையி” என்பார். அவரும் எண்சுவடி படித்த பிள்ளைதான், நாலைந்து வருஷம் திண்ணையில். நோட்டின் முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி. கீழே கோடு கிழித்து, தான் பட்ட கடன்களை எழுதியிருந்தார். பணமும் இருந்தது, பணம் அல்லாததும் இருந்தது. ‘காய்ச்சலில் நாலு நாள் கஞ்சி, மேல்வீட்டு ஆச்சி.’ ‘கையெழுத்துப் போட்டது, மரைக்காயர்.’ திருப்பிச் செய்ததும் குறுக்கே ஒரு கோடு இழுத்திருந்தார். கஞ்சிக்கு நேரே என்ன செய்து கோடு இழுத்தார் என்று எழுதவில்லை.

கடன் என்ற சொல்லை நாம் எப்படியெல்லாம் வைத்திருக்கிறோம் என்று அப்போது நினைத்துப் பார்த்தேன். நேர்த்திக்கடன், நன்றிக்கடன், செஞ்சோற்றுக்கடன், பிதுர்க்கடன். காலையில் பல் விளக்குவதுகூடக் காலைக்கடன். வாங்கியதைத் திருப்புவதற்கும் செய்தே ஆக வேண்டியதற்கும் ஒரே சொல். புறநானூற்றில் தாய்க்கு, தந்தைக்கு, கொல்லனுக்கு, வேந்தனுக்கு என்று ஒவ்வொருவருக்கும் ஒரு கடன் சொல்லும் பாட்டு இருக்கிறது. அங்கே யாரும் யாரிடமும் காசு வாங்கவில்லை. என் காவுநர்கள் நல்லவர்கள் என்பதால் சுமக்கவில்லை. கடன்பட்டவர்கள். ஒவ்வொருவர் மடியிலும் ஒரு நோட்டு இருக்கிறது.

தாத்தாவின் நோட்டில் முதல் வரி மட்டும் கடைசி வரை கோடு விழாமல் இருந்தது. ‘ரஜூலா. மூன்றாம் நாள். பேர் தெரியாத பெரியவர். தண்ணீர் 1 செம்பு.’

“இதை ஏம்மா அடிக்கல?”

“யாருன்னு தெரிஞ்சாத்தானே குடுக்க முடியும்? பினாங்குல எறங்குனதும் கூட்டத்துல தொலைஞ்சுட்டாராம். தைப்பூசத்துக்கு உங்க தாத்தா மல ஏறி நீ பாத்திருக்கியா?”

பார்த்ததில்லை. வருஷா வருஷம் வாட்டர்ஃபால் ரோட்டில் ஏதாவது ஒரு தண்ணீர்ப் பந்தலில் காலையிலிருந்து நின்றுகொண்டிருப்பார். நாங்கள் மேலே போய் விபூதி கொண்டுவந்து பூசிவிடுவோம். சாமி பார்க்க வரவில்லையா என்று யாராவது கேட்டால், “கணக்கு இருக்கு” என்பாராம். எத்தனை வருஷம் நின்றார் என்று அம்மாவும் நானும் விரல்விட்டு எண்ணிப் பார்த்தோம். நாற்பதுக்கு மேல் போனது. கடைசி இரண்டு வருஷம் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஊற்றினாராம்.

கொடுத்தவரிடமே திருப்ப வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் கோடு இழுக்கவும் கூடாது. என் நாவலின் கடைசி விதி இது. இதை எழுதியதும், ஆறாம் அத்தியாயத்தில் வழி தெரியாமல் நின்ற என் கதாநாயகி தானாகவே நடக்கத் தொடங்கிவிட்டாள். அவள் எங்கே போகிறாள் என்று நான்தான் பின்னால் ஓடிப் பார்க்க வேண்டியிருந்தது.

இந்த வருஷம் தைப்பூசத்தில் நான் மலை ஏறவில்லை. தெரிந்தவர்கள் போட்டிருந்த பந்தலில் இடம் கேட்டு நின்றேன். பாட்டுச் சத்தத்தில் பேசுவது எதுவும் காதில் விழாது, கை மட்டும் ஓடும். மத்தியானத்துக்கு மேல், காவடி இறக்கிவிட்டு வந்த ஒரு பையன் தோளைப் பிடித்துக்கொண்டே ஒரு குவளை குடித்தான். இன்னொன்று என்று விரலைக் காட்டினான். நிரப்பிக் கொடுத்தேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு, பேர்கூடச் சொல்லாமல், கூட்டத்துக்குள் போய்விட்டான்.